ஆனி நான்கு, பகல் பன்னிரண்டேகால்

பெரிய சம்பவம் நடந்த நாளில் சின்ன மனிதர்களுக்கு எதுவும் நடந்துவிடக் கூடாது. நடந்தால் அதைத் திரும்பிப் பார்க்க இடம் கிடைக்காது. நாள்நோக்கு மையத்தின் ஒதுக்கீட்டு மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்ததில் நான் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான். மற்றபடி கிடைத்தது முதுகுவலி.

எங்கள் மையம் கோவில்பட்டிக்குத் தெற்கே பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு பலகை. தினமும் காலையில் அன்றைய தமிழ்த் தேதியைப் போட்டு, அதே நாளில் முன்பு என்னென்ன நடந்தது என்று எழுதி வைப்போம். ஒரு கோட்டை விழுந்திருக்கும். ஒரு கப்பல் கரை தட்டியிருக்கும். தீப்பெட்டித் தொழிலாளிகள் ஒரு போராட்டத்தில் ஜெயித்திருப்பார்கள். இவர்கள் எல்லாம் வேறு வேறு நூற்றாண்டில், ஒருவரை ஒருவர் கேள்விப்படாமலே வாழ்ந்து செத்தவர்கள். எங்கள் பலகையில் மட்டும் ஒரே வரிசையில் நின்று, நடந்ததைத் திரையில் திரும்பக் காட்டும் ஒரே இயந்திரத்துக்காக அடித்துக்கொள்வார்கள். அவர்களுக்காக அடித்துக்கொள்ள ஆளுக்கொரு சங்கம் வேறு இருக்கிறது.

சட்டப்படி வரலாற்றுச் சம்பவங்களுக்குத்தான் முன்னுரிமை. மிச்சம் மீதி நேரம் இருந்தால் பொதுமக்கள் மனு. அதனால் இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் முகூர்த்தத்தோடு சேர்த்து, அது கனத்த நாளா காலி நாளா என்றும் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். பின்னால் ஒரு காலத்தில் திரும்பிப் பார்க்க ஆசை வந்தால், அன்று பார்த்து எந்த ராஜாவும் குறுக்கே நிற்கக் கூடாதாம்.

ஆனி மூன்று நல்ல காலி நாள். ஒரு கண்மாய் உடைப்பு, ஒரு ரயில் நிலையத் திறப்பு விழா, அவ்வளவுதான். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அன்னக்கொடி வந்தார்.

ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். மாவுக்கரண்டியே பிடித்துப் பழகிய கைகள் என்று பிறகுதான் தெரிந்தது. நாலடி தள்ளி ஒரு நாற்பது வயதுக்காரர் நின்றார். அவர் பெயர் குருசாமி, இந்த மனுவின் எதிர்த்தரப்பு. பழி தொடர்பான மனு என்றால் பழி சொன்னவரும் கூட இருந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. இல்லாவிட்டால் வெளியே போய், "மெஷினில் ஒன்றும் தெரியவில்லை" என்று சாதித்துவிடுவார்கள் அல்லவா?

மனுவில் "கோரிக்கை" என்ற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. "நான் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று தெரிய வேண்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறின பிறகு நாம் எல்லோரும் கேட்டுக்கொள்கிற கேள்விதானே! அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் சிரிப்பு போய்விட்டது.

இருபத்தொரு வருடத்துக்கு முன், ஆவரங்குளத்தில் பழைய சந்தைக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை வியாபாரம் நடக்கட்டும் என்று மைதானத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். கேஸ் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த வருடம் அது. அன்னக்கொடியின் இட்லிக் கடையில் விறகடுப்பு. ஆனிக் காற்று அடிக்கிற ஒரு ராத்திரி, மூன்று மணி சுமாருக்கு, கொட்டகை பற்றிக்கொண்டது. பத்தொன்பது கடைகள் போயின. வாழைக்காய் மண்டியில் காவலுக்குப் படுத்திருந்த மாரிக்கண்ணு என்பவர் புகையில் மூச்சு முட்டி இறந்துபோனார். அவருடைய மகன்தான் குருசாமி, அப்போது பத்தொன்பது வயது.

"இட்லிக்காரி அடுப்புலேருந்துதான் தீ" என்று ஊர் சொன்னது. போலீஸ் கேஸ் நிற்கவில்லை, சாட்சி இல்லை. ஆனால் ஊரில் நிற்க முடியவில்லை. அன்னக்கொடி பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், பெற்ற தாய் செத்ததற்குக்கூட ஆவரங்குளம் போகவில்லை.

"வேற யாரு என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்ல தாயி," என்றார் என்னிடம். "எனக்கே தெரியலையே. படுக்கப் போறதுக்கு முன்னால தண்ணி தெளிச்சேன்னு ஒரு நாள் தோணும். மறுநாள், அது முந்தின ராத்திரி தெளிச்சதாச்சேன்னு தோணும். ஒரு மனுசனைக் கொன்னுட்டு நடமாடுதேனா, கொல்லாம நடமாடுதேனான்னு தெரியாம எப்படித் தாயி சோறு இறங்கும்?"

நான் இருவரையும் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். பெரிய மண்டபத்துக்கு ஒரு திரை, இந்த அறைக்கு ஒரு திரை. இயந்திரம் ஒன்றுதான்.

"ராத்திரி மூணு மணிக்கு நடந்ததைப் பகல்ல எப்படிம்மா பாக்க?" என்று குருசாமி கேட்டார். குரலில் ஒரு எரிச்சல்.

"பூமி சூரியனைச் சுத்தி வந்து, அன்னைக்கு நின்ன அதே இடத்துல நிக்கும்போதுதான் அந்த நாள் இந்த மெஷினுக்குத் தெரியும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஒவ்வொரு வருஷமும் ஆறு மணி ஒம்பது நிமிஷம் தள்ளிப் போகும். தள்ளித் தள்ளி, இருபத்தோரு வருஷத்துக்கு முந்தின ராத்திரி மூணு மணி, இந்த வருஷம் பகல் பன்னிரண்டேகாலுக்கு வந்து நிக்குது."

"சூரியனே எங்கயோ ஓடிக்கிட்டு இருக்குங்காங்களே?"

"அதை மெஷின் செஞ்சவங்க கிட்ட கேளுங்க. நான் டோக்கன் குடுக்கிறவ."

இன்னொன்றும் உண்டு, அதை அவரிடம் சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் மையங்கள் இங்கிலீஷ் தேதியில் ஓடின. பழைய சம்பவம் எதுவுமே சிக்கவில்லை. நாலைந்து நாள் தள்ளித் தள்ளி விழுந்தது. நட்சத்திரத்தை வைத்து எண்ணுகிற நம்முடைய மாதக் கணக்குதான் பூமி நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகிறது என்று யாரோ கண்டுபிடித்த பிறகுதான் தமிழ்த் தேதிக்கு மாறினோம். ஆனால் நாள் மாறுவது மட்டும் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு. அது அரசாணை.

சரியாகப் பன்னிரண்டேகாலுக்குத் திரை விழித்தது. ஒரு மனுவுக்கு ஏழு நிமிடம். சத்தம் கிடையாது, படம் மட்டும்தான்.

நிலா வெளிச்சத்தில் கீற்றுக் கொட்டகை வரிசை. தள்ளுவண்டிகள். சந்திப்பில் ஒரு பிள்ளையார் மாடம். ஒரு நாய் எழுந்து, வட்டம் சுற்றி, அதே இடத்தில் படுத்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். காற்றில் கீற்று ஆடியது. ஐந்தாவது நிமிடம் நாய் காதைச் சொறிந்துகொண்டது. ஏழாவது நிமிடம் திரை இருண்டது.

தீயே பிடிக்கவில்லை.

"என்னம்மா இது?" என்றார் அன்னக்கொடி. "கடையெல்லாம் அப்படியே நிக்குதே."

"மெஷின்ல கோளாறு," என்று குருசாமி எழுந்துவிட்டார். "நான் வாரேன்." அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்ததை நான் கவனித்தேன். ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்னக்கொடி எழவில்லை. ஒருவருக்கு ஆயுளில் ஒரு மனுதான், அதுவும் சட்டம். இந்த ஏழு நிமிடத்துக்காக நாலு வருடம் காத்திருந்தவர். அது ஒரு நாய் காது சொறிவதைப் பார்ப்பதில் போய்விட்டது.

"தேதி நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம?" தோல்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நாள்காட்டித் தாள் ஒன்று, ஓரம் கருகி. தினமும் கிழிக்கிற காலண்டரின் தாள். ஆனி 3 என்று பெரிய எழுத்தில் இருந்தது. ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், கீழே "வரலாற்றில் இன்று: ரயில் நிலையத் திறப்பு" என்று பொடி எழுத்தில். "கடைச் சுவத்துல தொங்கினது. தீயில ஓடும்போது பிள்ளையைத் தூக்கினேன், இதைப் பிச்சிக்கிட்டு ஓடினேன். ஏன்னு கேக்காதீங்க. கைக்கு அது அகப்பட்டுச்சு. மத்தவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நாளு சொன்னாங்க, பத்திரிகையில ஒண்ணு போட்டிருந்தான். நான் இதை நம்பித்தான் எழுதினேன்."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்குகிறது. அதைக் கிழிப்பது என் வேலை.

"அன்னக்கொடியம்மா, நீங்க தினமும் தாளை எப்போ கிழிப்பீங்க?"

"காலையில. எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, அடுப்புப் பத்த வைக்கிறதுக்கு முன்னால."

"தீப்பிடிச்சது ராத்திரி மூணு மணி. அப்போ எந்திரிச்சு மூஞ்சி கழுவினீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு வாயில் கை வைத்துக்கொண்டார்.

நாள் நள்ளிரவிலேயே மாறிவிட்டது. சுவரில்தான் மாறவில்லை. விடிந்து யாராவது கிழிக்கிற வரைக்கும் நம் வீடுகளில் நேற்றுதானே நடக்கிறது! மூன்று மணிக்குச் சுவரில் தொங்கியது முந்தின நாள் தாள். தீப்பிடித்தது ஆனி நான்கு.

ஆனி நான்கு என்றால் நாளைக்கு. அதைச் சொன்னதும் அன்னக்கொடியின் முகம் மலர்ந்தது. அடுத்ததை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உங்க மனு தீர்ந்துபோச்சும்மா. இனி உங்க பேர்ல போட முடியாது. வேற யாராவது, சம்பவத்தோட சம்பந்தப்பட்டவங்க போடலாம்."

சம்பந்தப்பட்டவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அன்னக்கொடி எழுந்து ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"குருசாமி, ஒன் மனுவை எனக்குக் குடுப்பா."

"எனக்கு எதுக்குக்கா? ஊருக்கே தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியலையே. ஒங்க அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு நீயும் பாத்துக்கலாம். நான்தான்னு தெரிஞ்சா, ஒன் கால்ல இங்கயே விழுந்துட்டுப் போறேன். இல்லைன்னு தெரிஞ்சா ஒண்ணும் கேக்க மாட்டேன். சத்தியமா."

குருசாமியின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். மனுவைத் தர மறுத்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. "சரி, போட்டுத் தொலைங்க," என்று கடைசியில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது. அப்பா நினைப்பு வந்துவிட்டது போலும் என்று எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

மனு வந்தது. நேரம்தான் இல்லை. ஆனி நான்கு எங்கள் மாவட்டத்திலேயே கனத்த நாள். கீழ்மாந்தைக் கோட்டை விழுந்த நாள். காலையிலிருந்து கப்பல், பிறகு தீப்பெட்டிப் போராட்டம். பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரை கோட்டை. பலகையில் கால் நிமிடம்கூட இடைவெளி கிடையாது. உதவி இயக்குநர் தணிகைவேலிடம் போய்க் கேட்டேன்.

"வல்லி மேடம், கோட்டைக்கு அமைச்சர் வர்றாரு. நாலு ஸ்கூல் வருது. நீங்க இட்லிக் கடையைப் பத்திப் பேசறீங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமும் இதே நாள் கோட்டைதான் விழும், சார்."

"அதுக்கு நான் என்ன செய்ய? கோட்டையைப் பிடிச்சு வைக்கவா?"

வீட்டுக்குப் போய் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினான்காம் விதியில் ஒரு வரி இருந்தது. யாருமே படிக்காத வரி. "ஒதுக்கப்பட்ட நேரத்தில் இயந்திரம் பயன்பாடின்றி நின்றால், ஒதுக்கீட்டு எழுத்தர் அதைப் பொதுமனுவுக்கு வழங்கலாம்." ஒதுக்கீட்டு எழுத்தர் என்றால் நான்தான்.

இனி வேண்டியது இயந்திரம் சும்மா நிற்பதுதான். நம் ஊர் விழாக்களை நான் முழுதாக நம்பினேன்.

மறுநாள் பதினொன்றரைக்குத் தொடங்க வேண்டிய விழா பதினொன்று ஐம்பதுக்குத் தொடங்கியது. வரவேற்புரை. பிறகு பொன்னாடை. கோட்டை காத்த தளபதியின் வாரிசு என்று மூன்று தரப்பு வந்திருந்தது. மூன்று தரப்புக்கும் தனித்தனியாகப் பொன்னாடை போர்த்தாவிட்டால் அங்கேயே இன்னொரு சண்டை நடந்திருக்கும். கோட்டைச் சண்டை அன்று பகல் முழுக்க நடந்தது, எப்போது திறந்தாலும் ஏதாவது தெரியும் என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை. பன்னிரண்டு பத்துக்கு ஒரு சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, "கடைசியாக ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன்," என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்படிச் சொன்னவர் யாரும் கால் மணி நேரத்துக்குள் உட்கார்ந்ததாக நான் பார்த்ததில்லை.

சின்ன அறையின் கதவைச் சாத்தினேன். அன்னக்கொடி ஒரு ஓரத்தில், குருசாமி ஒரு ஓரத்தில். பன்னிரண்டேகால். இயந்திரத்தை இந்தப் பக்கம் திருப்பினேன்.

அதே கொட்டகை, அதே நாய். அன்னக்கொடி விரலால் காட்டக் காட்ட, இட்லிக் கடைக்குள் பார்வையை நகர்த்தினேன். இட்லிக் கொப்பரை கவிழ்த்து வைத்திருந்தது. சுவரில் நாள்காட்டி. தரையில் தாயும் பிள்ளையும் தூக்கத்தில். ஒரு மூலையில் அடுப்பு.

அடுப்புக்குள் ஏதோ சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தது. அது என்ன என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அது மெதுவாகக் காலை நீட்டிச் சோம்பல் முறித்தது.

"பூனை!" அன்னக்கொடி போட்ட சத்தத்தில் நான் பதறிப்போனேன். "என் அடுப்புல பூனை தூங்குது! தாயி, பாருங்க, பூனை படுத்துத் தூங்குது! குருசாமி, பாருடா, அடுப்புக்குள்ள!"

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கங்கு ஒன்று மிச்சம் இருந்தாலும் பூனை அந்தப் பக்கம் போகுமா? சாம்பல் சில்லென்று இருந்தால்தான் அப்படிச் சுருண்டு கிடக்கும். அன்னக்கொடி இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார். தெளிச்சேன், தெளிச்சேன் என்று நாலு தடவை சொன்னார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. உத்தியோகத்தில் அழக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

"மண்டிப் பக்கம் திருப்புங்க," என்றார் குருசாமி.

குரலே வேறாக இருந்தது. திருப்பினேன். வாழைத்தார்களுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலில் மாரிக்கண்ணு படுத்திருந்தார், வாய் திறந்து, ஒரு கை தொங்க. கட்டிலுக்கு அடியில் காலிச் சாக்குகள். பக்கத்தில் ஒரு தகரத் தட்டு.

"அந்தத் தட்டு, அதைக் கிட்டத்துல காட்டுங்கம்மா."

தட்டில் ஒரு கொசுவத்தி, பாதி எரிந்து, முறிந்து, அணைந்து கிடந்தது. புகைகூட வரவில்லை. குருசாமி நாற்காலியிலிருந்து நழுவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்துவிட்ட துக்கம் என்று நினைத்தேன்.

"அப்போ தீ எங்கேருந்து வந்துச்சு?" என்றார் அன்னக்கொடி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. பார்வையை வெளியே எடுத்தேன். கொட்டகை முழுக்க இருட்டு. வெளிச்சம் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான், சந்திப்பில் இருந்த பிள்ளையார் மாடத்தில். அகல் விளக்கு. கடைக்காரர்கள் முறை வைத்து ஏற்றுவார்களாம். அந்த வெளிச்சம் திடீரென்று நகர்ந்தது.

"விளக்கு நடக்குது!" என்றார் அன்னக்கொடி.

விளக்கு நடக்கவில்லை. ஒரு எலி எண்ணெய் தோய்ந்த திரியைக் கவ்விக்கொண்டு ஓடியது. திரியின் நுனி எரிந்துகொண்டிருந்தது. மாடத்திலிருந்து குதித்து, கம்பத்தில் ஏறி, கீற்றுக்குள் நுழைந்தது. இரண்டு விநாடி இருட்டு. பிறகு கீற்றில் சின்னதாக ஒரு பொட்டு வெளிச்சம். காற்று அதை ஊதிப் பெரிதாக்கியது.

நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம்.

"எலியா?" என்றார் அன்னக்கொடி. "ஒரு எலியா? போலீசு, பஞ்சாயத்து, ஊரு ஒலகம், எல்லாம் ஒரு எலிக்கா?" அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அதுவும் பிள்ளையாரு கிட்டேருந்து! சொந்த வாகனத்தையே அடக்கி வைக்க முடியாதவருக்கு நான் எத்தனை தேங்காய் உடைச்சிருக்கேன்! இந்தப் பூனையாவது முழிச்சிருந்து அதைப் பிடிச்சிருக்கலாம்ல. அடுப்புல போய்த் தூங்குது, சோம்பேறி!" பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "போதும் தாயி. அணைச்சிருங்க. மாரிக்கண்ணு அண்ணன் முழிக்கிறதுக்கு முன்னால அணைச்சிருங்க. அந்தப் பையன் அதைப் பாக்க வேண்டாம்."

இன்னும் நாற்பது விநாடி இருந்தது. அணைத்துவிட்டேன். மண்டபத்தில் சங்கத் தலைவர் இன்னும் ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். கோட்டை விழாமல் அப்படியே காத்திருந்தது.

அன்று யார் முறையில் விளக்கு ஏற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் தண்ணீர் குடிக்க நின்றபோது குருசாமி அருகே வந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அப்பா கட்டிலுக்கு அடியில கொசுவத்தி வச்சது நான். பக்கத்துல சாக்கு கெடக்கு, எடுத்துப் போடுலேன்னு சொன்னாரு. போடுதேன்னு சொல்லிட்டு வண்டியில போய்ப் படுத்துட்டேன். தீன்னு சத்தம் கேட்டு முழிச்சப்போ, மொதல்ல நெனச்சது அதைத்தான். எல்லாரும் எப்படிப் பிடிச்சுது, எப்படிப் பிடிச்சுதுன்னு கேட்டுக்கிட்டு ஓடி வாராங்க. ஒங்க பேரை யாரும் சொல்லலக்கா. நான்தான் மொதல்ல கத்தினேன். இட்லிக்காரி அடுப்புன்னு."

அன்னக்கொடியின் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேற்று ஏன் வியர்த்தது, எதற்காகக் கொசுவத்தியைக் கிட்டத்தில் காட்டச் சொன்னார் என்று இப்போதுதான் உறைத்தது. இந்த ஆளுக்குப் போய் மரியாதை கொடுத்தோமே என்று இருந்தது.

"இருபத்தோரு வருசம் இதை நெஞ்சுல வச்சிருந்தியா?" என்றார் அன்னக்கொடி.

"ஆமாக்கா. என் வீட்டுல கொசுவத்தி வாங்குறதே இல்ல. ஏன்னு பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. நேத்து தீயே தெரியலைன்னதும் தப்பிச்சோம்னு நெனச்சேன். நீங்க வந்து கேட்டப்போ, இனிமே ஓட முடியாதுன்னு ஆயிருச்சு. நான்தான்னு தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்னுதான் கையெழுத்துப் போட்டேன்."

"அட பாவி," என்றார் அன்னக்கொடி. "அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேருமாச் சேர்ந்து பயந்திருக்கலாமேடா. தனித்தனியாப் பயந்து செத்திருக்கோம் பாரு."

அவர் அடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் டம்ளரில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"என் ஆத்தா செத்ததுக்கு நான் போகல. அது ஒண்ணுதான் எனக்கு ஆற மாட்டேங்குது. மத்ததெல்லாம் போகட்டும். ஒண்ணும் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன்ல, அது நீ கத்தினது தெரியாம பண்ணினது. இப்போ ஒண்ணு கேக்கேன். வா, பஸ்ஸு ஏறு."

எனக்கு அரைநாள் விடுப்பு பாக்கி இருந்தது. தணிகைவேல் சார் கொடுக்கப் போகும் மெமோவுக்குப் பதில் எழுத வேண்டிய வேலையும் இருந்தது. மெமோ எங்கே ஓடிப்போகிறது? நானும் பஸ் ஏறினேன்.

ஆவரங்குளம் சந்தை இப்போது இரண்டு மாடிக் கான்கிரீட் கட்டடம். சாயங்கால வியாபாரம் சூடு பிடித்திருந்தது. சந்திப்பில் பிள்ளையார் அதே இடத்தில்தான் இருந்தார், கிரானைட் பதித்து, விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு போட்டு. குருசாமியை அதன் முன்னால் நிறுத்தினார் அன்னக்கொடி.

"இங்கதான நின்ன அன்னைக்கு?"

"ஆமாக்கா."

"சொல்லு."

குருசாமி சுற்றும் முற்றும் பார்த்தார். தெரிந்த முகங்கள். அவருக்கு அங்கே மூன்று கடை தள்ளி மண்டி. தொண்டையைச் செருமினார். "இருபத்தோரு வருசத்துக்கு முன்னால பிடிச்ச தீ," என்று ஆரம்பித்தார், "அது அன்னக்கொடி அக்கா அடுப்புலேருந்து வரல. நான் பொய் சொன்னேன். அவங்க அடுப்பு அணைஞ்சுதான் கெடந்துச்சு. நான் என் கண்ணால பாத்துட்டு வாரேன்."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எடை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையை நிறுத்திவிட்டு அன்னக்கொடியை உற்றுப் பார்த்தார். "இது நம்ம இட்லிக்கடை..." என்று முணுமுணுத்தவர், கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

அன்னக்கொடி அவரைப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு குருசாமியையே பார்த்தார்.

"பத்தாது," என்றார். "அன்னைக்கு எனக்கு மூணு தெரு தாண்டிக் கேட்டுச்சு. இன்னும் சத்தமாச் சொல்லு."